லார்ஸ் தாத்தா நம்முடையவர் இல்லை

பிரஷ் கிரீக்,
சான்பீட் பள்ளத்தாக்கு, யூட்டா.
ஜூலை 11, திங்கள்.

மரியாதைக்குரிய மூத்த சகோதரியும் விந்தர் குடும்ப வரலாற்றின் ஆசிரியையுமான நெல்டா அக்காவுக்கு, தம்பி டெல்மார் எழுதுவது.

நம் கொள்ளுத்தாத்தா லார்ஸ் விந்தர் நம்முடையவர் இல்லை. போன செவ்வாய்க்கிழமை காலை பத்தரை மணிக்கு, நம் சபைக் கட்டடத்தின் பின்பக்கம் இருக்கிற வம்சாவளி அறையில் இது எனக்குத் தெரிந்தது. ரத்தத்தில் அவர் நம்மவர்தான். நம் குடும்பத்து மூக்குகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் எந்த நீதிபதியும் ஒப்புக்கொள்வார். ஆனால் மறுமையில் நாம் அவர் வீட்டில் இல்லை. இன்னொருவர் வீட்டில் இருக்கிறோம். அந்த இன்னொருவர் இந்தப் பள்ளத்தாக்கைக் கண்ணால்கூடப் பார்த்ததில்லை.

நலம் விசாரிக்காமல் நேரே இதில் இறங்கியதற்கு மன்னித்துக்கொள். உன் இடுப்பு எப்படி இருக்கிறது? செயின்ட் ஜார்ஜ் வெயில் எலும்புக்கு நல்லது என்று போனாய், எலும்பு ஒத்துக்கொண்டதா? அத்தான் காதுக் கருவியை மாட்டிக்கொள்கிறாரா, அல்லது இன்னும் சட்டைப்பையில்தான் வைத்திருக்கிறாரா? இங்கே நானும் கோலீனும் கர்த்தர் தயவில் நடமாடிக்கொண்டிருக்கிறோம். என் நெஞ்சுக்குள் வைத்த ஸ்டென்ட் இரண்டும் இதுவரை குறை வைக்கவில்லை. மழை இல்லை. குதிரைமசால் இரண்டாம் அறுப்பு மெலிவு. வான்கோழிப் பண்ணைக்காரர்கள் எப்போதும்போல அழுகிறார்கள். போதும், விஷயத்துக்கு வருகிறேன்.

இருபத்து நான்காம் தேதி முன்னோடிகள் தினத்தன்று திறப்பதற்காக நான் செய்யச் சொன்ன கருங்கல் உனக்குத் தெரியும். மேலே தள்ளுவண்டிப் படம், கீழே நீ எழுதிக் கொடுத்த வாசகம்: “லார்ஸ் விந்தரும் அவர் மனைவி ஆனே கத்ரீனேயும், நித்தியத்துக்கும் ஒரே குடும்பம்.” படம் கொத்தி முடித்த கல்தச்சர் போன் செய்து, செத்த பிறகும் கணவன் மனைவியாகவே இருக்கும்படி அவர்கள் ஆலயச் சடங்கில் நித்தியத்துக்கும் முத்திரிக்கப்பட்ட நாள் எது, அதையும் போட்டால் அழகாக இருக்கும் என்றார். உன் புத்தகத்தின் நாற்பத்தொன்றாம் பக்கத்தைப் பார்த்தேன். “1858 பிப்ரவரியில் மணமுடித்து முத்திரிக்கப்பட்டார்கள்” என்று எழுதியிருக்கிறாய், நாள் இல்லை. ஒரு தேதிக்காகக் கல் நிற்க வேண்டாமே என்று நானே போனேன். நாற்பத்தெட்டு வருஷமாக வைக்கோல் வாங்கி விற்கிறேன் அக்கா. கட்டுக்குள் முழங்கை வரை கையை நுழைத்து ஈரம் பார்க்காமல் ஒரு லோடுகூட வாங்கியதில்லை. தாத்தாவை மட்டும் மேலாகப் பார்த்து வாங்கிவிட்டோம்.

அந்த அறையில் இப்போது சிஸ்டர் பெவர்லி உட்காருகிறார். கணவரோடு டென்மார்க்கில் இரண்டு வருஷம் ஊழியம் செய்துவிட்டு வந்தவர், பழைய டேனிஷ் கையெழுத்தைப் பால் பாக்கெட்டில் போட்டிருக்கும் எழுத்துபோலப் படிப்பார். கணினியில் தட்டினார், திரையைப் பார்த்தார், மறுபடி தட்டினார்.

“பிரதர் விந்தர், உட்காருங்க.”

“நின்னுக்கிட்டே பார்க்கிறேன் சிஸ்டர். ஒரு தேதிதானே.”

“இல்ல, நீங்க உட்காருங்க.”

வாங்க வந்தவனை உட்காரச் சொன்னால் விலை ஏறியிருக்கிறது என்று பொருள். உட்கார்ந்தேன்.

அவர் சொன்னதைச் சுருக்கி எழுதுகிறேன். ஆனே கத்ரீனே டென்மார்க்கிலேயே யெப்பே டாம்கார்ட் என்ற மரச்செருப்பு செய்கிறவரைக் கட்டியிருந்தாள். இரண்டு பேரும் ஒரே நாளில் ஞானஸ்நானம் எடுத்து, உளியையும் கட்டிலையும் விற்றுக் கப்பலேறி, ரயிலேறி, அயோவா முகாம் வரை வந்துவிட்டார்கள். அங்கே தள்ளுவண்டிகளுக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தபோது யெப்பேக்குக் காய்ச்சல் வந்து ஒன்பதாம் நாள் போய்விட்டார். லார்ஸ் அதே ஊர்ப் பண்ணைக் கூலி, கல்யாணமாகாதவர், அவர்கள் கூடாரத்தின் ஓரத்தில் படுத்துக்கொண்டு வந்தவர். அவர்தான் அவளோடு சேர்ந்து ஆயிரத்து முந்நூறு மைல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். இதுவரை உன் புத்தகத்திலும் ஒரு வரியில் இருக்கிறது, “விதவையாக வந்தவர்” என்று. அடுத்தது இல்லை. அப்போது சால்ட் லேக்கில் ஆலயம் கட்டி முடியாததால் சடங்குகளுக்கென்று ஒரு வீடு வைத்திருந்தார்கள். 1858 பிப்ரவரி பதினேழாம் தேதி அந்த வீட்டில், ஆனே நித்தியத்துக்கும் முத்திரிக்கப்பட்டாள். லார்ஸுக்கு இல்லை. செத்துப்போன யெப்பேக்கு. செத்தவர் வந்து முழங்கால் போட முடியாது, அவருக்குப் பதிலாக உயிரோடிருக்கிற ஓர் ஆண் போட வேண்டும். போட்டவர் பெயரும் பதிவில் இருக்கிறது. லார்ஸ் விந்தர். அது முடிந்த பிறகு, அதே நாளில், லார்ஸுக்கும் ஆனேக்கும் கல்யாணம். இம்மைக்கு மட்டும்.

“அப்போ பிள்ளைங்க?” என்று கேட்டேன்.

“பிள்ளைங்க அம்மாவோட முத்திரையிலதான் வருவாங்க பிரதர். ஏழு பேரும் யெப்பேயோட பிள்ளைங்க.”

“எங்க தாத்தா பிறந்தது யெப்பே செத்துப் பதிமூணு வருஷம் கழிச்சு.”

“முப்பது வருஷம் கழிச்சுப் பிறந்திருந்தாலும் அப்படித்தான்.”

“அயோவாவுல மண்ணுக்குள்ள படுத்துக்கிட்டே மனுஷன் ஏழு பிள்ளை சம்பாதிச்சிருக்காரு!”

சிஸ்டர் பெவர்லி சிரிக்கக் கூடாது என்று உதட்டைக் கடித்துக்கொண்டார். பிறகு இன்னொன்றையும் காட்டினார். எட்டு வருஷம் கழித்து, ஆனே இருக்கும்போதே, அன்றைய சபை வழக்கப்படி லார்ஸ் இரண்டாவதாக ஹன்னேயைக் கட்டினார் அல்லவா, அது நித்தியத்துக்கும் போட்ட முத்திரை. அன்றைய பிஷப், “உனக்கென்று அந்தப் பக்கம் யாருமே இல்லையே அப்பா” என்று சொல்லிக் கட்டிவைத்திருக்கிறார். ஆக, மறுமையில் லார்ஸ் தாத்தாவுக்குக் குடும்பம் என்று இருப்பது ஹன்னேயும் அவள் பெற்ற ஆறும் மட்டும்தான். அக்கா, இளையதாரத்து வகையறா என்று நாம் நூறு வருஷமாகக் குடும்பக் கூட்டத்தில் கடைசி மேசையில், அந்தக் கேரட் போட்ட பச்சை ஜெல்லிக்குப் பக்கத்தில் உட்கார வைத்த ஆட்கள்தான் அவர்கள்.

சபைக் கட்டடத்தில் ஒருவர் தும்மினால் ஊர் முழுக்கக் கைக்குட்டையை எடுக்கும். புதன்கிழமையே ஹன்னேயின் கொள்ளுப்பேரன் குளோய்ட் என் வைக்கோல் கொட்டகைக்கு வந்துவிட்டான். லோடு ஏறிக்கொண்டிருந்தது. எடைமேடையின் மேலேயே ட்ரக்கை நிறுத்திவிட்டு இறங்கினான்.

“என்ன பங்காளி, கல்லு வேலை எந்த மட்டுல இருக்கு?”

“நடக்குது.”

“எங்க தாத்தாவுக்கு நீ கல்லு வைக்கிறது பெரிய மனசுதான். எங்க ஆளுங்க எல்லாரும் சொல்றாங்க.”

“டே குளோய்ட், ரத்தம்னு ஒண்ணு இருக்குடா.”

“இருக்கு, யாரு இல்லேன்னா? ரத்தம் இம்மைக்கு. கவலைப்படாதே, அங்கயும் உங்களைக் கூப்பிடுவோம். விருந்தாளியா வந்து உக்காரு. ஜெல்லி இருக்கும்.”

“வண்டியை எடுடா, எடை தப்பாக் காட்டுது.”

“அது வண்டியில்ல பங்காளி, நான் ஏறி நிக்கிறேன். திடீர்னு கனம் கூடிப்போச்சு எனக்கு.”

அவன் போன பிறகு வேலையாட்கள் எல்லோரும் கட்டுகளை ரொம்ப உன்னிப்பாகப் பார்த்தார்கள். என் முகத்தை யாரும் பார்க்கவில்லை.

உனக்கு இதில் புத்தகம்தான் நஷ்டம், முந்நூறு பிரதி. எனக்கு என்ன நஷ்டம் என்பதை நீ மறந்திருக்க மாட்டாய் என்றாலும் நாம் ஒருநாளும் பேசியதில்லை, அதனால் எழுதிவிடுகிறேன். நான் கோலீனைக் கட்டிய நாளில் அம்மா ஆலய வாசலில் முகத்தை எப்படி வைத்துக்கொண்டிருந்தாள் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். கோலீன் இருபது வயதில் டீன் ஹாகனுக்கு நித்தியத்துக்கும் முத்திரிக்கப்பட்டவள். ஐந்தாம் மாதம் ட்ராக்டர் கால்வாயில் கவிழ்ந்து அவன் போனான். இரண்டு வருஷம் கழித்து நான் அவளைக் கேட்டேன். இம்மைக்கு மட்டும்தான் முடியும் என்று பிஷப் சொன்னார், அவளும் தலையைக் குனியாமல் அதையே சொன்னாள். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டேன், என்னை யாரும் ஏமாற்றவில்லை. இருபத்தைந்து வயதில் நித்தியம் ரொம்பத் தூரத்தில் இருந்தது. இப்போது எழுபத்தொன்று. நித்தியம் பக்கத்து ஊர் வரை வந்துவிட்டது. நாலு பிள்ளைகள் பெற்றோம். நாலு பேரும் டீனுடையவர்கள். பல்லுக்குக் கம்பி கட்டியது நான், கல்லூரிக்கு அனுப்பியது நான், மூன்றாமவன் ஜெயிலிலிருந்து வந்த அன்று வாசலில் நின்றது நான். டீனின் படம் நம் வீட்டு நடையில் மாட்டியிருக்கிறது, தலைமுடி முழுசாக, இருபத்திரண்டு வயதில். நாற்பத்தாறு வருஷத்தில் அவன் ஒரு குழாயைப் பழுதுபார்க்க மறந்ததில்லை, ஒரு தடவை குறட்டை விட்டதில்லை, அவள் பிறந்தநாளுக்குத் தீவனப் பெட்டி வாங்கிக்கொண்டு வந்ததில்லை. அப்படிப்பட்டவனோடு எந்த மனுஷன் போட்டி போடுவான்?

போட்டி இல்லை என்றே ஓட்டிவிட்டேன். கோலீன் இல்லாவிட்டாலும் அந்தப் பக்கம் அப்பா, தாத்தா, லார்ஸ் என்று நம் ஆட்கள் இருப்பார்கள், ஓர் ஓரமாக உட்கார்ந்துகொள்ளலாம் என்று மனதுக்குள் ஒரு இடம் பிடித்து வைத்திருந்தேன். செவ்வாய்க்கிழமை அந்த இடமும் போயிற்று. முத்திரை இல்லாதவனுக்கு அங்கே மற்றவர்களுக்கு எடுபிடி வேலைதான் என்று ஞாயிற்றுப் பள்ளியில் படித்திருக்கிறோம். டீன் ஹாகன் வீட்டுக் கொட்டிலில் நான் வைக்கோல் இறக்கிக்கொண்டிருப்பேன், என் பிள்ளைகள் ஜன்னலிலிருந்து கையசைப்பார்கள். இதை நினைத்தபடியே இரண்டு நாள் சாப்பிட்டேன். கோலீன் உப்பு குறைவா என்று கேட்டாள்.

சிஸ்டர் பெவர்லி ஒரு வழியும் சொன்னார். சம்பந்தப்பட்ட எல்லோரும் இறந்த பிறகு, சந்ததியார் கேட்டால் அந்தப் பெண்ணை அவள் வாழ்ந்த மற்றக் கணவனுக்கும் முத்திரிக்கலாமாம். யார் யாரோடு என்பதை அங்கே அவர்கள் பார்த்துக்கொள்வார்கள், கர்த்தர் பார்த்துக்கொள்வார். லார்ஸுக்கும் ஆனேக்கும் ஒரு தாளை நிரப்பிக் கொடுத்தால் இந்த வருஷமே முடிந்துவிடும் என்றார். பேனாவை எடுத்தேன். எடுத்த பிறகு கை ஓடவில்லை. சரக்குக்குச் சொந்தக்காரரைக் கேட்காமல் நான் லோடு ஏற்றியதே இல்லை. லார்ஸ் ஏறக்குறைய நாற்பது வருஷம் அவளோடு இருந்தவர், ஒரு தடவையும் இதைக் கேட்கவில்லையா? கேட்டு அவள் மாட்டேன் என்றிருந்தால்?

லார்ஸ் எழுதிய குறிப்பேடு ஒன்று ஹன்னேயின் வகையறாவில் தங்கிவிட்டது, குளோய்ட் வீட்டில் இருக்கிறது. டேனிஷ் தெரியாததால் அவர்கள் யாரும் அதைத் திறந்துகூடப் பார்த்ததில்லை. வியாழக்கிழமை போய்க் கேட்டேன். வரும் குடும்பக் கூட்டத்தில் அவர்கள் முதல் மேசை, நாம் கடைசி மேசை, அப்படியென்றால் தருவேன் என்றான். ஒப்புக்கொண்டேன் அக்கா. உன்னைக் கேட்காமல் ஒப்புக்கொண்டேன். ஒரு மாவுப் பையில் போட்டுக் கொடுத்தான். கொடுக்கும்போது, “பங்காளி, எங்க பாட்டி ஹன்னேயைப் பத்தி மோசமா ஏதாவது இருந்தா எனக்குச் சொல்லாதே” என்றான். அவ்வளவு நேரம் கிண்டல் செய்தவன் குரல் அப்போது சரியில்லை.

வெள்ளிக்கிழமை சிஸ்டர் பெவர்லி அதை எனக்குப் படித்துச் சொன்னார். லார்ஸ் அதிகம் எழுதுகிறவர் இல்லை. மாடு, தண்ணீர் முறை, வெட்டுக்கிளி, யாருக்குக் குழந்தை. நடுநடுவே இப்படி. நான் அப்படியே எழுதி வாங்கிக்கொண்டு வந்தேன்.

“அவளைப் பள்ளத்தாக்கில் கொண்டுபோய்ச் சேர்ப்பாயா என்று யெப்பே கேட்டான். சேர்ப்பேன் என்றேன். அதன் பிறகு என்ன செய்வாய் என்றான். தெரியாது என்றேன். அவன் வாதாடவில்லை. அவனுக்கு நேரமில்லை.”

“வண்டி அச்சில் பன்றிக் கொழுப்பு தடவினேன். ஆனே பேசவில்லை. நானூறு மைல் பேசவில்லை. இன்று, வண்டி இடதுபக்கம் இழுக்கிறது என்றாள்.”

“காலையில் யெப்பேக்காக முழங்கால் போட்டேன். அதன் பிறகு எனக்காக. முழங்காலுக்கு வித்தியாசம் தெரியவில்லை.”

“யெப்பே இருந்தால் கூரை ஒழுகாது என்கிறாள். யெப்பே செருப்பு செய்கிறவன், கூரை போடத் தெரியாது. நான் சொல்லவில்லை.”

“சின்னவள் மாரென் விடியும்போது இறந்தாள். யெப்பே அங்கே இருக்கிறான், வாங்கிக்கொள்வான் என்றாள் ஆனே. இன்று ஒருநாள் அவன் அங்கே இருப்பது நல்லது என்று எனக்கும் தோன்றியது.”

“பிஷப் சொன்னபடி ஹன்னேயை முடித்தேன். ஆனே மூன்று நாள் அடுப்புப் பற்றவைக்கவில்லை. நாலாம் நாள் ஹன்னேக்கும் சேர்த்துச் சமைத்தாள். யெப்பேயின் மனைவிக்கு என்மேல் எதற்குக் கோபம் என்று கேட்க நினைத்தேன். கேட்கவில்லை.”

கடைசியாக, ஆனே படுக்கையில் கிடந்த வாரம்: “அங்கே போய் அவனிடம் என்ன சொல்லப்போகிறாய் என்று கேட்டேன். நீ வந்து சேர், பிறகு பேசிக்கொள்ளலாம் என்றாள்.”

சிஸ்டர் பெவர்லி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நான் நன்றி சொல்லிவிட்டு ட்ரக்கில் ஏறி, ஏசியைப் போட்டுக்கொண்டு, எங்கேயும் போகாமல் அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். டீசல் வீண். லார்ஸாவது கேட்டார் அக்கா, முப்பத்தெட்டு வருஷம் கழித்தாவது கேட்டார். நான் நாற்பத்தாறு வருஷத்தில் கேட்டதில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே.

கேட்கத் தைரியம் இல்லாதவன் என்ன செய்வான், இடமாவது வாங்கிப் போடுவான். ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் டீனுக்கு வைத்த இரட்டைக் கல்லை நீ பார்த்திருக்கிறாய். இடதுபக்கம் அவன் பெயர், பிறந்த வருஷமும் இறந்த வருஷமும் போட்டு முடித்தது. வலதுபக்கம் கோலீன் பெயர், பிறந்த வருஷம், பக்கத்தில் ஒரு கோடு, அதற்குப் பிறகு வெறும் கல். இருபது வயதில் அழுதுகொண்டிருந்தவளிடம் கேட்டு ஹாகன் குடும்பத்தார் அப்படி வெட்டிவிட்டார்கள். ஒவ்வொரு மே மாதமும் அந்த வெறும் இடத்துக்கு முன்னால் நின்று பூ வைக்கிறேன், பக்கத்தில் என் மனைவி நின்றுகொண்டு கொஞ்சம் தள்ளி வை, எழுத்தை மறைக்கிறது என்கிறாள். கோலீன் இடத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிற மண் டீனின் அண்ணன் ரெக்ஸுடையது. சனிக்கிழமை அவரைப் பார்க்கப் போனேன். எழுபத்தொன்பது வயது, குதிரைக்கு லாடம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ரெக்ஸ் அண்ணே, உங்க இடத்தை எனக்குக் கொடுத்துடுங்க.”

“எந்த இடத்தை?”

“கல்லறைத் தோட்டத்துல. கோலீனுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது.”

“அப்ப நான் எங்க படுக்கிறது?”

“டீனுக்கு இந்தப் பக்கம் காலியாத்தானே கிடக்கு. அண்ணன் தம்பி ஒண்ணா இருங்க.”

“அது வேலியோரம். பனியை அள்ளிக் கொட்டுறது அங்கதான்.”

“ஜூலை மாசமாப் பார்த்துச் சாவுங்க அண்ணே.”

அவர் சிரிக்கவில்லை. குதிரையின் காலைக் கீழே விட்டுவிட்டு நிமிர்ந்தார்.

“என் தம்பி அவகூட வாழ்ந்தது அஞ்சு மாசம். நீ நாப்பத்தாறு வருஷம். இன்னும் உனக்கு என்னடா வேணும்?”

விலை படியாதபோது நான் செய்கிற எல்லாவற்றையும், தொப்பியைக் கழற்றுவது, வானத்தைப் பார்ப்பது, கிளம்புகிறமாதிரி இரண்டு அடி வைப்பது, எல்லாம் செய்தேன். ஒன்றும் பலிக்கவில்லை. கடைசியில், “பயமாருக்கு அண்ணே” என்றேன். வியாபாரத்தில் சொல்லவே கூடாத வார்த்தை. அதற்குத்தான் அவர் இறங்கினார். அவர் உயிரோடிருக்கும் வரை ஆறு குதிரைக்கும் வைக்கோல், அதுவும் முதல் அறுப்பு. என் கல் டீன் கல்லைவிட ஒரு அங்குலம்கூட உயரக் கூடாது. நித்தியம் என்ற சொல் என் கல்லில் வரக் கூடாது. கை குலுக்கினோம். குலுக்கியபோதுதான் கவனித்தேன், மனுஷனுக்கு ஒரு பல்கூட விழவில்லை.

அக்கா, உன்னிடம் கேட்பது இரண்டு. லார்ஸ், ஆனே முத்திரைக்கான தாளை இதோடு வைத்திருக்கிறேன், கையெழுத்துப் போட்டு அனுப்பு. அவள் மாட்டேன் என்று சொல்லவில்லை, பேசிக்கொள்ளலாம் என்றுதான் சொன்னாள். உட்கார்ந்து பேச அவர்களுக்கு ஒரு முகாந்திரமாவது இருக்கட்டும். இரண்டாவது, கல்லில் உன் வாசகத்தை மாற்றிவிட்டேன். “லார்ஸ் விந்தர். யெப்பே டாம்கார்டின் மனைவியை அயோவாவிலிருந்து இங்கே கொண்டுவந்து சேர்த்தார்.” அவ்வளவுதான். குளோய்டுக்குப் படித்துக் காட்டினேன். எழுத்துக் கூலியில் பாதி நான் தருகிறேன் என்றான்.

நீயும் அத்தானும் நீண்ட ஆயுளோடும் வலியில்லாத மூட்டுகளோடும் இருக்க எங்கள் ஜெபம். பேரப்பிள்ளைகளுக்கு என் முத்தங்கள். கோலீன் தன் அன்பையும், இந்த வருஷத்துப் பீச் ஆறு பாட்டிலையும் அனுப்புகிறாள்.

யார் வீட்டில் இருந்தாலும் உன் தம்பியாகவே இருக்கும்,
டெல்மார்.

பின்குறிப்பு, செவ்வாய்க்கிழமை காலை: மேலே எழுதியிருக்கும் கல்லறை ஏற்பாடு எதுவும் செல்லாது. நம் வீட்டில் உறையை ஒட்டித் தபால்தலை வைப்பது கோலீன். இந்த முறை படித்துவிட்டு ஒட்டலாம் என்று அவளுக்குத் தோன்றியிருக்கிறது. பீச் வெந்துகொண்டிருந்த அடுப்பை அணைத்துவிட்டுக் கடிதத்தோடு என் முன்னால் வந்து உட்கார்ந்தாள்.

“என்னைக் கேக்காம ரெண்டு கிழவனுங்க என்னை வச்சுப் பேரம் பேசியிருக்கீங்க. நான் என்ன மூணாம் அறுப்பா?”

“உன் மனசு கஷ்டப்படக் கூடாதுன்னுதான்…”

“நாப்பத்தாறு வருஷமா டீனை என்னைவிட நீங்கதான் அதிகமா நினைச்சிருக்கீங்க. பேசாம அந்த வலதுபக்கத்துல நீங்களே போய்ப் படுங்க. ரெண்டு பேரும் பேசிக்கிட்டே இருக்கலாம்.”

பிறகு நான் கேட்டுவிட்டேன் அக்கா. அங்கே போய் அவனிடம் என்ன சொல்வாய் என்று கேட்டேன். அவள் ஜாடி மூடி ஒன்றைக் கையில் வைத்துச் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

“அவன் குரல் எனக்கு மறந்துபோச்சு. முகம்கூட அந்தப் போட்டோல இருக்கிற முகம்தான் ஞாபகம் இருக்கு. இதை நான் யார்கிட்ட சொல்ல? உங்ககிட்டயா, ரெக்ஸ்கிட்டயா? இருபத்திரண்டு வயசுப் பையன். நம்ம பேரனைவிடச் சின்னவன். அவனை அங்க தனியா விடவும் எனக்கு மனசு வரலை, அவனுக்குப் பொண்டாட்டியா போய் நிக்கவும் தெரியலை.”

அவளே எழுந்துபோய் ரெக்ஸுக்குப் போன் செய்து, கடிதத்தின் பின்பக்கத்தில் எழுதி, அவருக்கும் படித்துக் காட்டி, என்னிடம் பேனாவைக் கொடுத்தாள். முடிவான நிபந்தனைகள் இவை. டீன் கல்லில் அவள் பெயரும் கோடும் அப்படியே இருக்கும், இறந்த வருஷத்தை யாரும் எப்போதும் வெட்டக் கூடாது. ரெக்ஸின் இடம் ரெக்ஸுக்கே. வைக்கோல் போய்க்கொண்டிருக்கும், ஆனால் இரண்டாம் அறுப்பு. மேட்டுப் பக்கம் புதிதாக விடுகிற வரிசையில் எங்கள் இருவருக்கும் ஒரே குழி அகலத்தில் இடம், அதை நான் இந்த வாரமே வாங்க வேண்டும். நாங்கள் இருவரும் போன பிறகு எங்கள் பெரியவன் எங்களுக்கும் அந்த முத்திரைத் தாளை நிரப்பிக் கொடுக்கலாம். அங்கே அதை ஏற்பதா வேண்டாமா என்பது அவள் இஷ்டம், அதுவரை நான் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கக் கூடாது. பெயர் அவனுக்கு, உடம்பு எனக்கு, மற்றது அவளுக்கு. சம்மதித்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.